பேண்டு பூங்காவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

உட்காரம்மா. பையை எடுத்துக்கொள்கிறேன், தாராளமாக உட்கார். பெஞ்சு பொதுச் சொத்து. நானே இதில் உட்காருவது இன்றைக்குத்தான். நடக்க வந்தவர்கள் உட்காரக் கூடாது என்பது என் கட்சி. சங்கக் கூட்டத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து கதை பேச வீட்டில் நாற்காலி இருக்கிறது, அதற்காக விடியற்காலையில் எழுந்து பூங்காவுக்கு வர வேண்டியதில்லை என்று. இன்றைக்கு ஒரு காரியம் இருக்கிறது, அதனால் உட்கார்ந்திருக்கிறேன். யாருக்காகவோ காத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. காரியம்.

ஊருக்குப் புதிதா? ஷூவைப் பார்த்தாலே தெரிகிறதே. டாக்டர் சொல்லி வந்தாயா, வீட்டுக்காரர் சொல்லி வந்தாயா? யார் சொன்னால் என்ன, வந்துவிட்டாய். நடக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். நடுவில் தெரிகிறதே எட்டுத் தூண் வைத்த மண்டபம், அது எப்போதும் உன் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். கோயிலைச் சுற்றுகிற மாதிரி. வாசலில் போர்டு இருக்கிறது, பார்த்திருப்பாய். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. 'பூங்காவை வலமாகச் சுற்றி நடக்கவும்.' அது நான் வைத்தது. மாநகராட்சி வைத்தது என்று கீழே போட்டிருக்கும். வைக்க வைத்தது நான். என் பெயர் நீலாவதி. காலை நடையாளர் சங்கத்தின் செயலாளர்.

இந்தப் பூங்காவைப் பற்றி யாரும் உனக்குச் சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு கல் இருக்கிறது, பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. ஒரு துரையின் பெயரில் பின்பாதியும், 'பொதுமக்களின் இன்பத்துக்காக' என்பதும் மட்டும் படிக்க முடியும். துரை பெயரில் இருந்த பூங்காவுக்குச் சுதந்திரம் வந்ததும் ஒரு தலைவர் பெயர் வைத்தார்கள். அப்புறம் வேறு கட்சி வந்தது, வேறு தலைவர். ஜனங்கள் எதையும் லட்சியம் பண்ணவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் பேண்டு பூங்காதான். சனிக்கிழமை சாயங்காலம் போலீஸ் பேண்டு அந்த மண்டபத்தில் வாசிக்கும், ஊரே வந்து புல்லில் உட்கார்ந்து கேட்கும், அதனால் வந்த பெயர். பேண்டு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. பெயர் நிற்கவில்லை.

அதோ இரும்புக் கொக்குகள் நிற்கிறதே, அதுதான் நீரூற்று. லண்டனிலிருந்து கப்பலில் வந்தது. கொக்குகளைத் திருப்பி வைத்து மாட்டிவிட்டார்களாம். திறப்பு விழாவில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் தொட்டிக்குள் விழாமல், முன்வரிசையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தவர்கள் மேல் விழுந்ததாம். இது நடந்ததாகத்தான் நான் சொல்கிறேன். நடக்கவில்லை என்று சொல்கிற ஒருவர் இருக்கிறார். சொல்கிறேன் இரு.

மண்டபத்துக்குப் பின்னால், இங்கிருந்து தெரியாது, அரசமரம், அதன் அடியில் பிள்ளையார். அதையும் தாண்டி அந்தக் கோடியில் ஓடு போட்ட சின்ன வீடு, அது ரேடியோ வீடு. வீட்டுக்கு வீடு ரேடியோ வராத காலத்தில் நகராட்சி அதில் ஒரு ரேடியோ வைத்து, மரத்துக்கு மரம் குழாய் கட்டி, சாயங்காலம் செய்தி கேட்க வைக்கும். செய்தி முடிந்ததும் ஒரு பாட்டு. பாட்டு நன்றாக இருந்தால் இன்னொன்று போடச் சொல்லி ஜனங்கள் அந்த வீட்டைப் பார்த்துக் கத்துவார்களாம், உள்ளே இருக்கிற ஆள்தான் பாடுகிறான் என்கிற மாதிரி. இப்போது அதில் மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும் கிடக்கின்றன. அதற்குப் பக்கத்தில் கம்பி போட்ட இடம் கரடிக் கூண்டு. இப்போது நாற்றுப் பண்ணை. கரடி இருந்தது உண்மை. அதில் சண்டை இல்லை. கரடி எதற்காக எழுந்து நின்றது என்பதில்தான் சண்டை.

யாரோடு என்றா கேட்கிறாய்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

சூசைமாணிக்கம் என்று ஒருவர். போலீஸ் பேண்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதுவார்களே பெரிய பித்தளைக் குழல், அதை ஊதியவர். இந்த மண்டபத்திலேயே வாசித்திருக்கிறார். அந்த மிதப்பு உண்டு. ஆள் உயரம். இந்த வயதிலும் முதுகு வளையாது. தலையை எண்ணெய் தடவிப் படிய வாரி, சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு நடக்க வருவார். விடியற்காலையில் பெல்ட் எதற்கு? அதெல்லாம் நான் கவனிப்பதில்லை, உனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

இவர் முதலில் சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தார். வலமாக, எல்லோரையும் போல. ஸ்டேஷன் பக்கத்து வாசலில் நுழைவார். நான் பெரிய வாசலில் நுழைகிறவள். இரண்டு பேருக்கும் ஒரே வேகம், அதனால் பார்த்துக்கொள்ளவே சந்தர்ப்பம் இல்லை. ஒரு நாள் கரடிக் கூண்டுப் பக்கம் நின்று யாரோ ஒரு வெளியூர்க்காரரிடம் கதை விட்டுக்கொண்டிருந்தார். பேண்டு ஆரம்பித்ததும் கரடி எழுந்து இரண்டு காலில் நிற்கும், அதுவும் தன் குழல் ஊதும்போது மட்டும் நிற்கும் என்று. எனக்குப் பொறுக்கவில்லை. நின்றேன். "கரடிக்குச் சாப்பாடு வர்ற நேரம் அது. வாளிச் சத்தம் கேட்டு எழுந்து நின்னிருக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து மனிதர் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

என்ன அகங்காரம் பார். ஒரு பெண்பிள்ளை ஒரு வார்த்தை திருத்திவிட்டாள் என்று ஊர் போகிற வழிக்கு எதிராக நடக்கிறதா?

எதிர்ப்பக்கமாக ஒருவர் வந்தால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எதிரே வந்தே தீருவார். நீரூற்றுப் பக்கம் ஒரு தடவை, ரேடியோ வீட்டுப் பக்கம் ஒரு தடவை. தப்பிக்க வழியில்லை. முதல் நாள் நீரூற்றுப் பக்கம் எதிரே வந்தவர், நிற்காமலே, "வாளி கொண்டு வர்றவன் வெள்ளிக்கிழமை லீவு, கரடிக்குக் காலையிலயே போட்டுருவாங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். நான் யோசித்துக்கொண்டே போய், ரேடியோ வீட்டுப் பக்கம் எதிரே வந்தபோது, "பேண்டு வாசிக்கிறது சனிக்கிழமைதானே" என்றேன். அவர் மறுபடி நீரூற்றுக்கு வரும்வரை யோசித்திருக்கிறார். வந்ததும், "ஒத்திகை வெள்ளிக்கிழமை" என்றார்.

இப்படி ஆரம்பித்தது. நின்று பேசுவதில்லை. நடைப் பயிற்சியில் நிற்கக் கூடாது, நின்றால் பலன் போய்விடும். எதிரே வரும்போது ஆளுக்கு ஒரு வாக்கியம். பதிலுக்கு அரைச் சுற்று அவகாசம். மார்கழி முழுக்கக் கரடி ஓடியது. அப்புறம் மண்டபம். துரை தன் மனைவியின் சங்கீத ஆசைக்காகக் கட்டினார் என்பது அவர் கட்சி. பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுக்கக் கட்டினார் என்பது என் கட்சி. "பஞ்சத்துல எவனாவது பேண்டு கேப்பானா" என்று போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அரைச் சுற்று எனக்கு ரத்தம் கொதித்தது. "கட்டினது பஞ்சத்துல, கேட்டது பஞ்சம் போன பிறகு" என்றேன். அவர் தலையில் இல்லாத தொப்பியைத் தொட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அதற்குள் தாண்டிவிட்டேன், அவர் பார்த்திருக்க மாட்டார்.

நான் டெலிபோனில் இருந்தவள், அம்மா. டிரங்க் கால் காலத்திலிருந்து. ராத்திரியும் பகலும் ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை சம்மதம் சொன்னதையும் கேட்டிருக்கிறேன், பிள்ளை பிறந்த செய்தியையும் கேட்டிருக்கிறேன். எல்லாம் அடுத்தவர் பேச்சு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நேரம் இல்லை, அது கிடக்கட்டும். என்ன சொல்ல வந்தேன் என்றால், பேச்சு எனக்குப் புதிதில்லை. ஆனால் அரைச் சுற்று யோசித்துவிட்டு ஒரு வாக்கியம் பேசுவது இருக்கிறதே, அது புத்திக்கு நல்ல பயிற்சி. டாக்டர்களே சொல்கிறார்கள்.

ஒரு நாள் நீரூற்றுப் பக்கம் எதிரே வந்தவர் கட்சி ஒன்றும் கட்டவில்லை. "இன்னைக்கு எங்க வீட்டம்மா நினைவு நாள்" என்று சொல்லிவிட்டுப் போனார். எக்ஸ்சேஞ்சில் போட்டுக் கொடுத்த சாவுச் செய்திகளில் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று ரேடியோ வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தபோது, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் யார் சாப்பிட்டிருப்பார்கள்? அசட்டுக் கேள்வி. அவர் அடுத்த தடவை வரும்போது, "போய்ச் சாப்பிடறேன்" என்றார். அதற்கு மறுநாள், என்ன சாப்பிட்டார் என்பதையும் சொன்னார்.

நல்ல மனிதர்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. நடுவில் பிள்ளையார் இருக்கிறார். இடமாகச் சுற்றுவது எந்தச் சடங்கில் என்று உனக்கே தெரியும், காலை வேளையில் அதை வாயால் சொல்ல வேண்டாம். இவரிடம் சொன்னேன். "நான் மாதா கோயில் ஆளுங்க" என்றார். பிள்ளையாருக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். அடுத்த வாரம், ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் இடமாகத்தான் ஓடுகிறார்கள் என்றார். இது என்ன பந்தயமா என்றேன். அதற்கப்புறம் இடது முட்டியில் வலி, இந்தப் பக்கம் நடந்தால்தான் சரியாகிறது என்று ஒரு காரணம். அப்புறம் வெயில் கண்ணில் படுகிறது என்று ஒன்று. விடிந்தே இருக்காது, எங்கே வெயில்? என்னோடு கூடவே நடக்கிற மும்தாஜ் டீச்சரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், கூர்மையானவள், ஆனால் சமயத்தில் அர்த்தமில்லாமல் சிரிப்பாள். "அவருக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு நீலா. உனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கண்ணைப் போன மாதம்தான் காட்டி வந்தேன். நடக்க வருவதற்குப் பவுடர் எதற்கு என்று ஒரு நாள் கேட்டாள். வியர்வைக்கு. வேறு எதற்கு?

கடைசியில் சங்கத்தில் தீர்மானம் போட்டேன். மல்லிகைப் பந்தல் திருப்பத்தில் ஒரு வக்கீலும் ஒரு தாசில்தாரும் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டார்கள், அதைக் காரணம் காட்டினேன். மாநகராட்சிக்கு நடையாக நடந்தேன். தோட்டக் கண்காணிப்பாளர் என்னைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார், நான் பின்வாசலிலும் நின்றேன். போர்டு வந்தது.

திறப்பு விழாவன்று சங்கத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். மும்தாஜ் டீச்சர் சுண்டல் செய்து கொண்டுவந்தாள். விருந்தினர் வருவதற்கு நேரம் இருந்தது, அதனால் நான் ஒரு சுற்று போனேன். ரேடியோ வீட்டுப் பக்கம் அவர் எதிரே வந்தார். என்றைக்கும் இல்லாத மாதிரி நடையைக் கொஞ்சம் தளர்த்தினார். சொன்னார்: "வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பழைய ஆளுங்க நாங்க எல்லாம் சேர்ந்து மண்டபத்துல வாசிக்கிறோம். நீங்க..."

அதற்குள் தாண்டிவிட்டோம். அதுதான் முறை. மிச்சம் நீரூற்றில் வரும். நான் நடந்துகொண்டே இருந்தேன். பாதி வழியில் காவலாளி இருளப்பன் ஓடி வந்தான், ரிப்பன் வெட்ட மாநகராட்சி உதவி கமிஷனர் வந்துவிட்டார், தட்டு பிடிக்க ஆள் இல்லை என்று. போய்த் தட்டைப் பிடித்தேன். கத்தரிக்கோல், ரிப்பன், கைதட்டல். கூட்டத்தின் பின்னால் இவரும் நின்றிருந்தார். ரிப்பனை வெட்டியதும் முன்னால் வந்தார். போர்டை வாய்விட்டுப் படித்தார். விறைப்பாக நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தார். குதிகாலில் அப்படியே திரும்பி, வலமாக நடந்து போனார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் வெற்றி அல்லவா?

அன்றைக்குப் போனவர்தான். அப்புறம் கண்ணிலேயே படவில்லை.

மறுநாள் வந்தேன், இல்லை. அதற்கு மறுநாள் இல்லை. கோபித்துக்கொண்டு வராமலே நின்றுவிட்டார் என்று நினைத்தேன். ஒரு போர்டைத் தாங்க முடியாத மனிதரா என்று மும்தாஜிடம் பொருமினேன். அந்த நாட்களில் நடையே சுகப்படவில்லை. மாசி மாதத்துக் காற்று சரியில்லை, அது ஒரு காரணம். நீரூற்றுப் பக்கம் வரும்போது வாய் தானாகத் திறக்கும், அப்புறம் மூடிக்கொள்ளும். இருளப்பனிடம், சும்மா ஒரு கணக்குக்காக, அந்தப் பேண்டுக்காரர் வருகிறாரா என்று கேட்டேன். "தினம் வர்றாரே மேடம், சரியான பக்கமா போறாரே" என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை.

மும்தாஜ்தான் விளக்கினாள். "ஏன்டி, அவரு அந்த வாசல், நீ இந்த வாசல். ரெண்டு பேருக்கும் ஒரே நடை. ரெண்டு பேரும் ஒரே பக்கமா போனா, கடிகாரத்துல ரெண்டு முள்ளையும் ஒரே வேகத்துல விட்ட மாதிரிதான். என்னைக்குடி சேரும்?" என்றாள். கணக்கு டீச்சர் இல்லையா? நான் மண்டபத்தின் இந்தப் பக்கம் இருக்கும்போது அவர் அந்தப் பக்கம். நடுவில் எட்டுத் தூணும் அரசமரமும் பிள்ளையாரும்.

சரி, வேகத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்று குறைத்தேன். அவருக்காக இல்லை, முட்டிக்காக. அவர் பின்னால் வந்து எட்டிப் பிடித்தால் பிடிக்கட்டும். வரவில்லை. மும்தாஜ் விசாரித்து வந்து சொன்னாள். நான் மெதுவாகப் போவதை மரத்துக்கு நடுவில் தூரத்தில் பார்த்துவிட்டு, அவரும் மெதுவாக நடந்திருக்கிறார். பெண்பிள்ளை பின்னாலேயே நெருங்கிப் போவது மரியாதை இல்லை என்றாராம். எங்கே போய்ச் சொல்வது?

நின்று பேச வேண்டியதுதானே என்று நீயும் கேட்கப்போகிறாய். மும்தாஜும் கேட்டாள். நடந்துகொண்டே பேசினால் அது விவாதம். நின்று பேசினால் அது வேறே. நான்கு பேர் பார்ப்பார்கள். போன் நம்பர் வாங்கிவிடு என்கிறாள். எக்ஸ்சேஞ்சில் இருந்தவரை ஊர் முழுக்க என்னிடம் நம்பர் கேட்கும். நான் யாரிடமும் கேட்டதில்லை. இந்த வயதில் ஆரம்பிக்கவா?

ஆனால் அந்த வாக்கியத்தின் மிச்சம் எனக்கு வேண்டும். செயலாளர் என்கிற முறையில் வேண்டும். 'நீங்க' என்று நிறுத்தினாரே, நீங்க என்ன? நீங்க அனுமதி தரணுமா? அதற்குச் சங்கத்துக்கு எழுத வேண்டும். நீங்க சத்தத்தைப் பொறுத்துக்கணுமா? நீங்க தலைமை தாங்கணுமா? தலைமை என்றால் நான் இரண்டு வார்த்தை தயார் செய்ய வேண்டாமா? மும்தாஜ், "நீங்க வரணும்னு சொல்ல வந்திருப்பாரு" என்கிறாள். அதற்கு எதற்கு நடையைத் தளர்த்த வேண்டும்? பூங்கா எல்லோருக்கும் பொது. வரணும் என்று ஊருக்கே சொல்லலாம், தனியாக என்னிடம் சொல்ல அதில் என்ன இருக்கிறது? இவளுக்கு எதையும் சின்னதாக்கிப் பார்க்கிற புத்தி.

கச்சேரி இன்றைக்குச் சாயங்காலம். அதனால்தான் சொல்கிறேன், காரியம் இருக்கிறது என்று.

நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேனே என்று யோசிக்காதே. கழுத்துக்குப் பயிற்சி.

நேற்று என்ன நடந்தது கேள். வேறு வழி தெரியாமல் நேற்று நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன். ஆமாம், போர்டு வைத்த நான்தான். எல்லோரும் விதிப்படி நடக்கிறார்களா என்று சோதிக்க வேண்டுமானால், எதிரே போனால்தானே முகம் தெரியும்? முதுகைப் பார்த்துச் சோதிக்க முடியுமா? அப்படி நியாயப்படி யோசித்துத்தான் போனேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்று நின்று எனக்கு விதியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வக்கீல் போர்டு இருக்கிற திசையைக் கையால் காட்டுகிறார். நான் காட்டாத போர்டா? மூன்று சுற்று போனேன். எல்லோர் முகத்தையும் பார்த்தேன், பார்க்க வேண்டிய முகத்தை மட்டும் காணவில்லை. வாசலில் இருளப்பன் நிறுத்தினான். "மேடம், நீங்கதான் இப்படின்னு பார்த்தா, அந்தப் பேண்டு சாரும் இன்னைக்கு எதிர்ப்பக்கமா சுத்துறாரு. ரெண்டு பேருக்கும் விசில் ஊதி ஊதி எனக்கு வாய் வலிக்குது" என்றான்.

அவரும் அதே நாளில்தான் போர்டை மீற வேண்டுமா? அவர் மட்டும் விதியை மதித்திருந்தால், நான் மீறியதற்குப் பலன் இருந்திருக்கும். ஒழுங்கில்லாத மனிதர் என்பது இதுதான். மும்தாஜுக்கு விஷயம் தெரிந்து, சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். நான் வலமாகப் போய் அவரும் வலமாகப் போனால் பார்க்க முடியாது. நான் இடமாகப் போய் அவரும் இடமாகப் போனால் பார்க்க முடியாது. அவர் எதைச் செய்வார் என்று யாருக்குத் தெரியும்? நடக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால்? எந்தப் பக்கமாக வந்தாலும் இந்த பெஞ்சைத் தாண்டித்தானே போக வேண்டும். மும்தாஜின் கணக்குக்கே இது தோன்றவில்லை. அதனால்தான் இன்றைக்கு இருட்டு பிரிவதற்கு முன்னால் வந்து இதில் உட்கார்ந்தேன். அவர் தாண்டும்போது நான் எழுந்து நாலு எட்டு கூடவே நடப்பேன், மிச்ச வாக்கியத்தைக் கேட்டுக்கொள்வேன், திரும்பிவிடுவேன். நடந்துகொண்டே கேட்டதாகவும் ஆயிற்று.

ஆனால் இன்னும் காணவில்லை. இந்நேரம் வந்திருக்க வேண்டும். சாயங்காலம் வாசிக்கிறவர், மூச்சை மிச்சம் பிடிக்க வீட்டிலேயே இருந்துவிட்டாரோ என்னவோ. அப்படி இருக்கலாம். பெரிய குழல் அது, சாமானிய மூச்சு போதாது.

இதோ மும்தாஜ் வருகிறாள். பார், வரும்போதே சிரித்துக்கொண்டு. என்ன டீச்சர், இருமல் போய்விட்டதா? இந்தப் பெண் ஊருக்குப் புதிது, பூங்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேனா? சும்மாதான். என்ன? யார்? எங்கே?

ரேடியோ வீட்டுக்கு எதிரே இருக்கிற பெஞ்சிலா?

எப்போதிருந்து? எழுந்திருக்கவே இல்லையா? நீ கேட்டாயா? என்ன சொன்னார்? சொல்லிவிட்டுச் சிரி. சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்கு எப்படிப் புரியும்?

அம்மா, கேட்டாயா இந்த அநியாயத்தை? அவரும் உட்கார்ந்திருக்கிறாராம். இருட்டிலேயே வந்து அந்தப் பக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். ஏன் நடக்கவில்லை என்று இவள் கேட்டதற்கு, "எந்தப் பக்கமா வந்தாலும் இங்க தாண்டித்தானே போகணும்" என்றாராம். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லவில்லையாம். பெல்ட்டு, படிய வாரிய தலை, மடியில் ஒரு பொட்டலம் வேறு. என்ன பொட்டலம் என்று கேட்டாயா டீச்சர்? கேட்கவில்லை. கணக்கைத் தவிர எதையும் சரியாகச் செய்ய மாட்டாய்.

இப்போது நான் என்ன செய்வது? வலமாகச் சுற்றிப் போனால், பாதி வழியில் அவருக்குப் பொறுமை போய் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடலாம். அவரும் வலமாக நடந்தால் தீர்ந்தது. இடமாகப் போனாலும் அதே கதை. இந்தச் சுற்றுப் பாதை இருக்கிறதே, இதை நம்பி இனிப் பிரயோஜனம் இல்லை.

குறுக்கேதான் போக வேண்டும். நேரே, மண்டபத்தை ஒட்டி, அரசமரத்தைத் தாண்டி. அப்படிப் போனால் வலமும் இல்லை, இடமும் இல்லை. பிள்ளையார் ஒன்றும் சொல்ல மாட்டார், அவர் முன்னால்தானே போகிறேன்.

என்னம்மா, எதைக் காட்டுகிறாய்? ஆமாம், 'புல்தரையில் நடக்காதீர்.' தெரியும். அதுவும் நான் வைத்ததுதான், போன வருஷம். செருப்புக்கால், ஷூக்கால் பட்டால் புல் செத்துவிடும் என்பதற்காக வைத்தது. வெறுங்காலுக்கு இல்லை. நோக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தா, இந்த ஷூவைக் கொஞ்சம் பார்த்துக்கொள். நாய் தூக்கிப் போய்விடும். டீச்சர், நீ கூட வர வேண்டாம், நீ உன் சுற்றைச் சுற்று. புடவைக் கரை நனையும், நனையட்டும். பனி இவ்வளவு குளிரும் என்று நான் நினைக்கவே இல்லையே. இருளப்பன் விசில் ஊத ஆரம்பித்துவிட்டான், பார். ஊதட்டும்.

யாராவது வந்து கேட்டால் சொல்லம்மா. புல் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்கச் செயலாளர் உள்ளே போயிருக்கிறார், வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும் என்று.